ஒக்டோபரில் நட்டால் ஏப்ரலில் குரோக்கஸ்

ரொறன்ரோவில் மார்ச் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு குளிர்காலம் கழித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெருவோரம் உப்பும் அழுக்கும் சேர்ந்து கறுத்த பனிக்குவியல், வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடக்கும் புல், ஓர் இலைகூட இல்லாத மேப்பிள் மரங்கள். நான் ஸ்காபரோவுக்கு வந்த முதல் வருடம், அப்படியொரு காலையில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசற்படியோரம் பாதி உருகிய பனியைத் துளைத்துக்கொண்டு ஏழெட்டு ஊதாப் பூக்கள் நின்றன. விரல் உயரம்தான். காம்பு கிடையாது, மண்ணிலிருந்தே பூ. குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன்.

அந்தச் சனிக்கிழமையே தோட்டக்கடைக்குப் போய், குரோக்கஸ் என்ற அந்தப் பூவைக் கேட்டேன். இப்போது கிடைக்காது, செப்டெம்பரில் வாருங்கள் என்றார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் இடறும் இடம் இதுதான். பூவைப் பார்த்து ஆசை வருவது மார்ச், ஏப்ரலில். கிழங்கை மண்ணில் வைக்க வேண்டியதோ அதற்கு ஆறு மாதம் முன்னால். செப்டெம்பரில் நமக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட அலைச்சல், வளவில் கடைசித் தக்காளியும் மிளகாயும் பறிக்கும் அவசரம். குரோக்கஸ் யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது. ஆகவே இப்போதே கைபேசியை எடுத்துச் செப்டெம்பர் 15க்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். பாதி வேலை அதோடு முடிந்தது.

நான் சொல்லும் நாட்கள் ரொறன்ரோக் கணக்கு. லண்டனில் இதே பூ பெப்ரவரியிலேயே வந்துவிடும். கியூ தாவரவியல் பூங்காப் புல்வெளியில் அப்போது போனால் ஊதாவும் வெள்ளையுமாகப் பாய் விரித்திருக்கும். சுவிஸில் இருப்பவர்கள் மலைப்பக்கம் போகும்போது, பனி விலகும் விளிம்பிலேயே வெள்ளைக் குரோக்கஸ் தானாக முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் மாறும், முறை ஒன்றுதான்.

கையில் இருப்பது என்ன?

கடையில் இதை "பல்ப்" என்றே சொல்வார்கள். துலிப்பும் டஃபடிலும் உண்மையிலேயே வெங்காயம் மாதிரி, வெட்டினால் அடுக்கடுக்காக வரும். குரோக்கஸை வெட்டிப் பாருங்கள், உள்ளே சேப்பங்கிழங்கு போல ஒரே கட்டியாக வெள்ளை மாச்சத்து. சேம்பும் சேனையும் எந்த வகையோ அந்த வகைக் கிழங்குதான் இதுவும். வெளியே பழுப்பு நிறத்தில் நார் நாராக ஒரு தோல். அளவு சின்ன வெங்காயம் அளவு, கொஞ்சம் தட்டையாக இருக்கும்.

தோற்றம் அப்படி இருப்பதால் ஒரு எச்சரிக்கை. ஒரு முறை கடையிலிருந்து கொண்டுவந்த பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா சாம்பாருக்கு உரிப்பதற்காகக் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, ஒன்றைத்தான் உரித்திருந்தார். வாங்கிய கிழங்கைச் சமையல் சாமானோடு ஒருநாளும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைப்பதானால் பை மேல் "பூக்கிழங்கு, சாப்பிடக் கூடாது" என்று பெரிதாகத் தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இந்தக் கிழங்கு வருடா வருடம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இந்த வருடம் பூத்த கிழங்கு வற்றிச் சுருங்கிப்போகும். அதன் தலைமேலேயே அடுத்த வருடத்துக்கான புதுக் கிழங்கு உருவாகும், பக்கத்தில் இரண்டு மூன்று குட்டிகளும் வரும். புதுக் கிழங்கு பழையதன் மேல் ஏறி ஏறி உட்கார்ந்தால் சில வருடங்களில் மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டுமே? அதற்குக் குரோக்கஸிடம் ஒரு வழி இருக்கிறது. சில வேர்கள் தடித்து, பிறகு சுருங்கி, கிழங்கைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஒரு செடியைத் தோண்டி எடுத்தபோது அந்த வேரைப் பார்த்தேன். வெள்ளையாக, குறுக்கே சுருக்கம் சுருக்கமாக, இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி இருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. பூமொட்டு கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. நீங்கள் செப்டெம்பரில் வாங்கும் கிழங்குக்குள் பூ ஏற்கனவே இருக்கிறது. ஆனால் அது நீண்டு வெளியே வருவதற்கு ஏறக்குறைய 12 வாரம் குளிர் பட வேண்டும். குளிர் படாவிட்டால் இலை வரும், பூ வராது, வந்தாலும் மண்ணுக்குள்ளேயே கருகிவிடும். "ஊரில் வளருமா?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அந்த 12 வாரம் எங்கே கிடைக்கும்? ஃபிரிட்ஜில் குளிரவைத்து ஒரு தடவை பூக்கவைக்கலாம், நிலத்தில் நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. நாம் இங்கே சலித்துக்கொள்ளும் குளிர்தான் இந்தப் பூவுக்குச் சோறு.

எதை வாங்குவது

செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து கடைகளில் வலைப்பைகளில் வரும். எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் குரோக்கஸில் உண்டு, புதியவர்கள் அத்தனையையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று பெயர் போதும்.

முதலாவது டொமாசினியானஸ். எல்லாவற்றுக்கும் முந்திப் பூப்பவற்றில் ஒன்று, மெலிந்த இளம் ஊதாப் பூ. பால்கன் பகுதியிலிருந்து வந்தது, திரியெஸ்தே நகரத்தின் மேயராகவும் தாவரவியலாளராகவும் இருந்த முத்சியோ தொமாசினியின் பெயரைத் தாங்குகிறது. தானாகவே விதை விழுந்து பரவும். அணில்களும் மற்றக் குரோக்கஸ்களைத் தேடுகிற அளவுக்கு இதைத் தேடுவதில்லை, என் வளவில் கண்டது அதுதான். கடும் ஊதா வேண்டுமென்றால் இதிலேயே 'ரூபி ஜயன்ட்' என்று கேளுங்கள். ஒரே ஒரு பைதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

இரண்டாவது கிரைசாந்தஸ். பனிக் குரோக்கஸ் என்று பையில் போட்டிருப்பார்கள். பூ சின்னது, ஆனால் ஒரு கிழங்கிலிருந்து மூன்று நான்கு பூ வரும். 'கிரீம் பியூட்டி' வெண்ணெய் நிறம், 'புளூ பேர்ள்' வெளிர் நீலம், 'ஸ்நோ பன்டிங்' வெள்ளை.

மூன்றாவது பெரிய பூக்கள் கொண்ட டச்சுக் குரோக்கஸ், வெர்னஸ் என்ற இனத்தின் வழி வந்தவை. முன்னைய இரண்டும் பூத்து இரண்டு வாரம் கழித்து இது வரும். 'பிக்விக்' வெள்ளையில் ஊதாக் கோடு, 'ஜான் டார்க்' முழு வெள்ளை, 'ரிமெம்பரன்ஸ்' பளபளக்கும் ஊதா. வீட்டுக்குள் சட்டியில் வளர்க்க இவைதான் நல்லவை.

மூன்றையும் கலந்து நட்டால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம்வரை வளவில் ஏதாவது ஒன்று பூத்திருக்கும்.

பையைக் கையில் எடுத்து ஒவ்வொரு கிழங்கையும் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். அமுங்கினால், பூஞ்சணம் பிடித்திருந்தால், கையில் எடுக்கும்போது தோல் மட்டும் இருப்பதுபோல் லேசாக இருந்தால் வைத்துவிடுங்கள். பையில் 7/8, 8/9 என்று எண் போட்டிருக்கும். அது கிழங்கின் சுற்றளவு, சென்ரிமீற்றரில். எண் பெரிதானால் முதல் வருடப் பூவும் கூட. மலிவு விலைப் பைகளில் பெரும்பாலும் சின்னக் கிழங்குதான் இருக்கும். அதிலும் தப்பில்லை, இரண்டாம் மூன்றாம் வருடம் பருத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். "இலையுதிர்காலக் குரோக்கஸ்" என்ற பெயரில் ஒரு பெரிய கிழங்கு ஓகஸ்ட், செப்டெம்பரில் விற்கும். அதன் உண்மைப் பெயர் கொல்சிக்கம். பூவைப் பார்த்தால் பெரிய குரோக்கஸ் என்றே நினைப்பீர்கள். ஆனால் அது குரோக்கஸ் குடும்பமே அல்ல, நம்முடைய கார்த்திகைப்பூவின் குடும்பம். கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கும் அதே கொல்சிசின் என்ற நஞ்சு அதன் எல்லாப் பாகத்திலும் இருக்கிறது. உயிரைக் கொல்லக்கூடிய நஞ்சு. சின்னப் பிள்ளைகளும் நாயும் உள்ள வீட்டுக்கு நான் அதை வாங்கச் சொல்லமாட்டேன். பூத்த பிறகு அடையாளம் காண எளிய வழி: உள்ளே எட்டிப்பார்த்து மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். குரோக்கஸில் மூன்று, கொல்சிக்கத்தில் ஆறு. வசந்தக் குரோக்கஸைத் தெரியாமல் மென்றால் வயிற்றைப் பிரட்டும், அந்த அளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் அதுவும் சாப்பிடுகிற பொருள் அல்ல.

குங்குமப்பூவும் குரோக்கஸ்தானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அது தனி இனம், சட்டிவஸ். அது ஒக்டோபரில் பூக்கும். நாம் இங்கே பேசும் வசந்தப் பூக்களின் நடுத்தாளைப் பறித்துப் பாலில் போடக் கூடாது. குங்குமப்பூ வளர்க்க ஆசையென்றால் அந்தப் பெயர் போட்ட கிழங்கையே தனியாக வாங்குங்கள். ஒரு கிராமுக்கு 150 பூ அளவில் வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே, எப்போது

வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத இடம். இந்த இரண்டு மட்டும்தான் நிபந்தனை. மரத்தடி கூடாது என்று நினைக்க வேண்டாம். மேப்பிள் இலை விடுவதற்கு முன்பே குரோக்கஸ் பூத்து முடிந்துவிடும், அதனால் இலையுதிர்க்கும் மரத்தின் அடி நல்ல இடம். தெற்குப் பார்த்த சுவரோரம் என்றால் சுவரின் சூட்டில் பனி முதலில் உருகி, ஒரு வாரம் பத்து நாள் முந்தியே பூ வரும். நீங்கள் தினமும் நடக்கும் வழியோரமாக நடுங்கள். குளிரில் பின்வளவு மூலைக்கு யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? வாசற்படி, கார் நிறுத்துமிடத்தின் ஓரம், குசினி ஜன்னலுக்கு நேரே தெரியும் இடம், இவைதான் இந்தப் பூவுக்கு ஏற்றவை.

ரொறன்ரோவில் செப்டெம்பர் பின்பாதியிலிருந்து ஒக்டோபர் முடியும்வரை நடலாம். மண் உறைவதற்கு முன் வேர் விட ஐந்தாறு வாரம் இருந்தால் நல்லது. நான் நடுவது ஒக்டோபர் இரண்டாம் வாரம், நன்றியறிதல் நாள் நீண்ட வார இறுதி. மறந்துபோய் நவம்பர் ஆகிவிட்டதா? மண்ணில் கரண்டி இறங்கினால் நட்டுவிடுங்கள். பையிலேயே வைத்து அடுத்த வருடம் நடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அதற்குள் வற்றிவிடும்.

நடும் முறை

எங்கள் பக்கம் மண் ஒட்டும் களிமண். கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாகவே நிற்கும். அப்படியானால் நடும் இடத்தை 6 அங்குலம் ஆழத்துக்குக் கொத்தி, மக்கிய இலையும் கொஞ்சம் கரடுமுரடான மணலோ சின்னச் சரளையோ கலந்துகொள்ளுங்கள். குளிரைவிட ஈரம்தான் இந்தக் கிழங்கைக் கொல்லும்.

பிறகு ஒவ்வொரு கிழங்குக்கும் தனித்தனிக் குழி தோண்டிக்கொண்டிருக்காமல், இரண்டு கை அகலத்துக்கு ஒரே குழியாக 4 அங்குலம் ஆழம் எடுங்கள். அதற்குள் பத்துப் பதினைந்து கிழங்கை 2 அங்குலம் இடைவெளியில் வையுங்கள். கூரான பக்கம் மேலே, தட்டையான பக்கம் கீழே. எது மேல் எது கீழ் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் கிடத்திவிடுங்கள், முளை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒன்றொன்றாக வரிசையில் நட்டால் பூ வந்தும் வராததுபோல் இருக்கும். சின்னப் பூ இது, கூட்டமாக நின்றால்தான் கண்ணுக்குப் படும். 50 கிழங்கு இருந்தால் நான்கு கூட்டமாக வையுங்கள்.

மண்ணை மூடிக் காலால் மெதுவாக மிதித்து அமுக்குங்கள். ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எருவும் வேண்டாம். எலும்புத்தூள் போடச் சொல்லிச் சில பைகளில் எழுதியிருக்கும். நம் வளவுகளில் அந்த வாசத்துக்கு ரக்கூனும் நாயும் வந்து கிளறும்.

புல்லுக்குள் நட விருப்பமென்றால் டொமாசினியானஸும் கிரைசாந்தஸும் ஏற்றவை. இலையுதிர்காலத்தில் கடைசியாக ஒரு முறை புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடி கிழங்கை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டு, விழுந்த இடத்திலேயே நடுங்கள். நாமாக இடம் பார்த்து வைத்தால் என்னதான் முயன்றாலும் கோலப்புள்ளி மாதிரி ஆகிவிடும்.

அணிலோடு சேர்ந்து வாழ்தல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் வருடம் நான் 50 கிழங்கு நட்டேன். ஞாயிறு பின்னேரம் நட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். திங்கள் காலை ஜன்னலைத் திறந்தால் மண் முழுக்கச் சின்னச் சின்னக் குழி, குழியைச் சுற்றிப் பழுப்புத் தோல். வேலிமேல் ஒரு கறுப்பு அணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒரு கிழங்கைப் பிடித்து, கொழுக்கட்டை சாப்பிடுவதுபோல் சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தது. இங்கத்தை அணில் முதுகில் மூன்று கோடு போட்ட ஊர் அணில் அல்ல. பூனைக்குட்டி அளவு இருக்கும், குளிர்காலத்துக்கு உணவு புதைக்கும் பருவமும் அதுவே. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அங்கே யாரோ எதையோ புதைத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

அடுத்த வருடத்திலிருந்து நான் செய்வது இது. முதலில், கையாளும்போது உதிரும் தோலையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன், அந்த வாசமே அழைப்பு. கிழங்கை வைத்து முக்கால்வாசி மண் போட்டதும், கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையை அந்த இடத்தின் அளவைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டி, தட்டையாக விரித்து, ஓரங்களில் வளைத்த கம்பியால் குத்திவிடுவேன். அதன்மேல் மிச்ச மண். வலைக்கண் வழியாக முளை தாராளமாக வெளியே வரும், அணிலின் கை உள்ளே போகாது. வலையை எடுக்கவே வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். கடைசியாக, மரத்திலிருந்து விழுந்த இலைகளை மேலே பரப்பிவிடுவேன், கிளறிய மண் கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவும் செய்த பிறகு நான் ஒரு கிழங்கையும் இழக்கவில்லை. மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். ஒரு மழைக்கு அது கரைந்துபோகும், நம் வீட்டு மிளகாய்த்தூளை வீணாக்க வேண்டாம்.

வசந்தத்தில் முயல் வந்து மொட்டைக் கடிப்பதும் உண்டு. அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு கம்பிக்கூடையைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

பூ வந்த பிறகு

மார்ச்சில் முதலில் வெள்ளை உறை போட்ட முளை தெரியும். அப்புறம் புல் மாதிரி மெல்லிய இலை, நடுவே ஒரு வெள்ளைக்கோடு. அந்தக் கோடு இருந்தால் அது குரோக்கஸ், களை என்று பிடுங்கிவிடாதீர்கள். ஏப்ரலில் பூமேல் மறுபடி பனி கொட்டும், பதற வேண்டாம். பூ இதழ்களை மூடிக்கொண்டு பனிக்கடியில் இரண்டு மூன்று நாள் கிடந்து, உருகியதும் நிமிர்ந்துவிடும். கையால் தட்டினால்தான் ஒடியும்.

மூடிய வானம் இருக்கும் நாட்களில் பூ திறக்காது. வெயில் ஏறிச் சூடு வந்ததும் திறக்கும், பின்னேரம் மூடும். திறந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பருவத்தில் தேனீக்கு வேறு பூ அதிகம் கிடையாது. உள்ளே புகுந்து புரண்டு, செம்மஞ்சள் மகரந்தத்தைக் கால் நிறைய அப்பிக்கொண்டு வெளியே வரும்.

பூ வாடியதும் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, இலை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடுவது, அல்லது மேப்பிள் சருகோடு சேர்த்து வாரிவிடுவது. அடுத்த வருடக் கிழங்கு உருவாகும் நேரமே அதுதான். ஆறு வாரம், இலை தானாக மஞ்சளாகிப் படுக்கும்வரை தொடாதீர்கள். இலையைப் பின்னிக் கட்டவும் வேண்டாம். புல்லுக்குள் நட்டவர்கள் மே கடைசிவரை அந்தப் பகுதியைப் புல்வெட்டி இயந்திரத்தால் தொடக் கூடாது. பக்கத்து வீட்டாரோ வீட்டிலுள்ளவர்களோ முகம் சுளிப்பதுண்டு. நான்கு குச்சி நட்டு நூல் கட்டிவிடுங்கள், அது வேண்டுமென்றே விட்ட இடம் என்று தெரியும்.

கோடையில் கிழங்கு உறங்கும், தண்ணீர் தேவையில்லை. தினமும் தண்ணீர் பாய்ச்சும் கத்தரி, வெண்டிப் பாத்திக்கு நடுவில் குரோக்கஸை வைத்தால் அழுகும். நான்கைந்து வருடம் கழித்துப் பூ குறைந்தால் நெருக்கம்தான் காரணம். இலை மஞ்சளாகும்போது தோண்டி, குட்டிகளைப் பிரித்து உடனே நட்டுவிடுங்கள். பிரித்து எடுத்ததில் ஒரு கைப்பிடியைத் தெரிந்தவர்களுக்கும் கொடுக்கலாம். என் வளவிலிருந்து இப்படி மார்க்கமுக்கும் ஏஜாக்ஸுக்கும் கிழங்கு போயிருக்கிறது.

வீட்டுக்குள் ஒரு சட்டி, பொங்கலுக்கு

வளவு இல்லாதவர்களும், அடுக்குமாடியில் இருப்பவர்களும் சட்டியில் வளர்க்கலாம். இயற்கையின் குளிர்காலத்தைக் கொஞ்சம் முந்திக் கொடுத்து ஏமாற்றுகிறோம், அவ்வளவுதான். எனக்குத் தைப்பொங்கலன்று மேசையில் பூ வேண்டும். கணக்கு இது: 12 வாரம் குளிர், அதன்பின் 3 வாரம் வெளிச்சம். ஜனவரி 14இலிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 24 அன்று குளிரிலிருந்து எடுக்க வேண்டும், ஒக்டோபர் 1 அன்று சட்டியில் வைக்க வேண்டும். நான் இரண்டு மூன்று நாள் முந்தியே வைத்துவிடுவேன்.

அடியில் ஓட்டை உள்ள 6 அங்குலச் சட்டி எடுங்கள். கடையில் விற்கும் சட்டிமண் போதும், வளவு மண் வேண்டாம், இறுகிவிடும். பெரிய டச்சுக் குரோக்கஸ் கிழங்கு பத்தை ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் நெருக்கமாக வைத்து, நுனி மறையும் அளவுக்கு ஒரு அங்குலம் மண் போடுங்கள். தண்ணீர் விட்டு, வடிந்ததும், வெளிச்சம் படாமல் ஒரு காகிதப் பையால் மூடி, 2 முதல் 9 பாகை செல்சியஸ் உள்ள இடத்தில் வையுங்கள்.

அந்த இடம் எது? ஸ்காபரோப் பழைய வீடுகள் பலவற்றில் நிலவறையில், வாசற்படிக்குக் கீழே, கோல்ட் ரூம் என்று ஒன்று இருக்கும், நாம் அரிசி மூட்டையும் ஊறுகாய்ப் போத்தலும் அடுக்கும் அறை. அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒக்டோபர் தொடக்கத்தில் அது இன்னும் போதிய குளிராக இருக்காது. ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள், இறங்கும்வரை சட்டியை ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடேற்றாத கராஜும் சரி, உறைந்து கட்டியாகாமல் வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்தால்.

ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் பழத்தோடு வைக்கக் கூடாது. முதல் தடவை என் சட்டி அப்பிள்களுக்குப் பக்கத்தில் மூன்று மாதம் இருந்தது. வெளியே எடுத்தபோது இலை வந்தது, மொட்டும் வந்தது, ஆனால் ஒவ்வொரு மொட்டும் காகிதம் மாதிரி உலர்ந்து மண்ணளவிலேயே நின்றுவிட்டது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது உள்ளேயிருக்கும் பூவைக் கொன்றுவிடும். அப்பிள், பெயார்ஸ், மாம்பழம் எதுவும் அந்த ஃபிரிட்ஜில் வேண்டாம். அது முடியாது என்றால் ஃபிரிட்ஜ் வழியையே விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பிழிந்த துணியளவு ஈரம் இருந்தால் போதும். 12 வாரம் முடியும்போது அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும், மேலே ஒன்றரை அங்குலத்தில் வெளிறிய முளை நிற்கும். இரண்டும் தெரியாவிட்டால் எடுக்காதீர்கள், இன்னும் ஒரு வாரம் போகட்டும். நாள்கணக்கைவிட வேரும் முளையும் சொல்வதே சரி.

எடுத்ததும் நேரே ஹோலுக்குக் கொண்டுவர வேண்டாம். நம் வீடுகளில் 21, 22 பாகை, சூட்டில் ஒரேயடியாக இலை மட்டும் நீண்டுவிடும். முதல் வாரம் வீட்டில் எந்த அறை குளிரோ அங்கே, வெளிச்சம் குறைவாக. இலை பச்சையானதும் ஜன்னலோரம். 10 முதல் 15 பாகைக்குள் வைத்திருந்தால் பூ ஒரு வாரம் நிற்கும். சூட்டு அறையில் மூன்று நாளில் முடிந்துவிடும். நான் பகலில் மேசையிலும் இரவில் நிலவறையிலும் வைக்கிறேன்.

அந்த மாற்றத்தில் ஒரு காட்சி கிடைக்கும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நிலவறையிலிருந்து கொண்டுவரும்போது எல்லாப் பூவும் இறுக மூடி, மெழுகுதிரி மாதிரி நேராக நிற்கும். மேசையில் வைத்துத் தேநீர் ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் இதழ்கள் ஒன்றொன்றாக விலகி, ஆறு இதழும் விரிந்து, நடுவில் செம்மஞ்சள் தாள் தெரியும். இதழின் உள்பக்கம் சூட்டில் வேகமாக வளர்வதால் இப்படித் திறக்கிறது, குளிரில் வெளிப்பக்கம் வளர்ந்து மூடுகிறது. போன பொங்கலன்று என் சின்ன மகள் பொங்கல் பானையை விட்டுவிட்டு இதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மண்ணே இல்லாமல் கண்ணாடிக் குவளையிலும் வைக்கலாம். கழுத்து குறுகிய குவளையில் கிழங்கை உட்காரவைத்து, அடி தொடாமல் ஒரு நூலளவு கீழே தண்ணீர் நிற்கட்டும். தொட்டால் அழுகும். குளிர் கணக்கு அதே 12 வாரம். வேர் தண்ணீரில் தொங்குவது பார்க்க அழகு, ஆனால் அந்தக் கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துவிடும், பூத்ததும் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

சட்டியில் பூத்ததை எறியாதீர்கள். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டு, இலைக்கு வெளிச்சமும் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்து ஜன்னலோரமாக வைத்திருங்கள். ஏப்ரல் பின்பாதியில் மண் இளகியதும் சட்டியைக் கவிழ்த்து, கட்டி உடையாமல், வளவில் 4 அங்குலம் ஆழத்தில் இறக்கிவிடுங்கள். வளவு இல்லாதவர்கள் தெரிந்தவர்களின் வளவில் வைக்கலாம். அடுத்த வருடம் அது பூக்காமல் இலை மட்டும் விடலாம். தோண்டிப் பார்க்க வேண்டாம், அதற்கடுத்த மார்ச்சில் வரும்.